சுண்ணாம்பு நகம்

மார்கழி. பள்ளிப்பட்டு மைதானத்தில்
ஐந்தரைக்கே மங்கல்.
விரல் தெரியலை என்றாள் ஹைமாவதி, நகரிக்காரி.
பெட்டிக்கடைச் சுண்ணாம்பை
நகத்தில் பூசிக்கொண்டேன்.
ஒன்று, வேகம். இரண்டு, வளைவு.
அவள் தலையாட்டினால்
சரியா வேண்டாமா என்று
அரைநொடி குழம்புவேன்.

மண்ணில் குத்தும் பந்தைக்
கையால் தேடக் கூடாது,
நெஞ்சைக் கொடுக்கணும்.
நேற்றைய நீலம்
காறையெலும்புக்குக் கீழே இன்னும் இருக்கிறது.

மூன்று பேஸிலும் ஆள்.
மூன்று பந்து வெளியே.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றி
அவளிடம் நடந்தேன்.
சொல்ல ஒன்றுமில்லை.
"தின்னாவா?" என்றேன்.
தமிழில் அது மாட்டைக் கேட்பது.
சிரித்துவிட்டாள். "பூரி. நாலு."

திரும்பிக் குந்தினேன்.
ஒற்றை வெள்ளை நகம்.
தலை ஆடவில்லை.

வந்த பந்தை
வந்த இடத்திலேயே வைத்திருந்தேன்,
அம்பயர் யோசித்து முடிக்கும்வரை.