கோடைக்கால அட்டவணை

ஹீயுமா தீவின் படகுத்துறை அலுவலகத்தில்
இரவு பதினொன்றுக்குக்
கோப்புகளை ஏற்றுகிறாள் கெர்த்து.

'புதியது', 'புதியது இரண்டு', 'இதுதான் கடைசி',
'சத்தியமாக இதுதான் கடைசி' —
எதற்குள் எது என்று
அவளையே கேட்டாலும் சிரிப்பாள்.

எல்லாம் ஏறிவிட்டது.
படகின் படம் மட்டும் வரவில்லை.
பெரிய எழுத்தில் பெயர் வைத்துவிட்டு
சின்ன எழுத்தில் கூப்பிட்டிருக்கிறாள்.
மேசைக் கணினி பொறுத்துக்கொண்டது,
சர்வர் பொறுக்கவில்லை.
ஓர் எழுத்து. மாற்றினாள்.
படகு வந்தது.

விளக்கணைத்து வீட்டுக்குப் போனாள்.

காலை ஆறேகால்.
பனி கொட்டும் துறையில்
பெட்டியோடு நிற்கிறார் ஒருவர்.
யாரும் இல்லை. படகும் இல்லை.
கைப்பேசியைத் தட்டித்தட்டிப் பார்க்கிறார்.

அவள் அழிக்க மறந்த கோப்புறையிலிருந்து
ஜூலை மாதப் படகு
சரியான நேரத்துக்குப்
புறப்பட்டுக்கொண்டிருக்கிறது.