இருமச் சொன்னார்கள்

லுங்கியை இறக்கி நின்றபடி இரும வேண்டும்.
அவ்வளவுதான் பரிசோதனை.
அதற்குத்தான் பதினோரு மாதம் பயந்திருந்தார் கஜபதி.

காசிமேட்டில் ஐஸ் பார் தூக்குகிறவர்.
விடியற்காலை மூன்று மணிக்கு
தோளில் ஈரச்சாக்கு, சாக்கின் மேல் பனிக்கட்டி,
லாரிக்கும் படகுக்கும் நடுவே
உருகுவதற்குள் ஓட வேண்டும்.

இடது தொடை இடுக்கில்
எலுமிச்சை அளவு வந்தது. முட்டை ஆனது.
அதற்குமேல் நான் உவமை தேடவில்லை.
படுத்தால் உள்ளே போய்விடும்,
எழுந்தால் அவருக்கு முன்னால் எழுந்து நிற்கும்.
சூடு என்றார். வாயு என்றார்.
மெடிக்கலில் பெல்ட் வாங்கி
லுங்கிக்குள் இறுக்கிக்கொண்டு
யாருக்கும் தெரியாது என்று நம்பினார்,
விந்தி நடந்தபடி.

ஸ்டான்லியில் நாற்பத்தேழாம் டோக்கன்.
திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராய் இருமினார்கள்.
கொருக்குப்பேட்டை மூட்டைக்காரர்,
பட்டறையிலிருந்து வந்த வெல்டர்,
ரிட்டயரான லைன்மேன்.
ஒருவருக்கும் சளி இல்லை.
ஒரு கைக்குழந்தையின் தொப்புள் புடைத்திருந்தது,
மேலே ஒரு ரூபாய் காசு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி.
பிரித்துப் போட்டார் டாக்டரம்மா:
"பெரும்பாலும் தானா மூடிக்கும், நாலு வயசு வரைக்கும் பாக்கலாம்.
காச எடுத்து அண்ணங்காரனுக்கு முட்டாய் வாங்கிக் குடு."

எங்கள் முறை.
சின்னப் பெண். தஹ்சீன் என்று மார்பில் பெயர்.
கஜபதி கண்ணை மூடிக்கொண்டார்.
மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு இருமல்.
"இன்னும் நல்லா."
இரண்டு விரலால் அழுத்தியிருந்தவர் தலையாட்டினார்.
"குடலிறக்கம். வயித்துச் சுவர்ல ஒரு பலவீனம்,
அது வழியா குடல் எட்டிப் பாக்குது."
"மாத்திர எதுனா?"
"ஓட்டைக்கு ஏதுங்க மாத்திரை? உள்ள தள்ளித் தச்சு,
மேல வலை வைக்கணும்."

படத்தில் காட்டினார், உள்ளங்கை அகலம், வெள்ளை வலை.
அன்று முதல்முறையாய் நிமிர்ந்தார் மனுஷன்.
"இன்னா கண்ணு இது? நெத்திலிகூட பூராதே!"
"கண்ணுக்குள்ள சதை வளந்து புடிச்சுக்கும்.
அதுவரைக்கும் பீடி நிறுத்துங்க. இருமினா தையல் தாங்காது."
பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்:
"கட்டி கல்லாட்டம் ஆகி, உள்ள போகாம,
வலியும் வாந்தியும் வந்தா
விடியட்டும்னு காத்திருக்காதீங்க.
அந்த ராத்திரியே ஓடி வாங்க. குடல் அழுகிடும்."

பினாயில் நெடி.
நான் இருமினேன். யாரும் கேட்காமலே.

கை தானாக முந்தானைக்குள் போனது.
டாக்டரம்மா என் கையைப் பார்த்தார்.
"ஏன் அங்க புடிக்கிறீங்க?"
"பழக்கம்."
ரெண்டாவதைக் கிழித்து எடுத்து ஒன்பது வருஷம்.
தும்மினாலும், சிரித்தாலும்,
குந்தி இறால் உரித்து எழும்போதும்
அந்தத் தழும்பை அணைத்துப் பிடிப்பேன்,
தூங்கும் பிள்ளையைப் பிடிப்பதுபோல.
"படுங்க. தலைய மட்டும் தூக்குங்க."
தழும்பில் மேடு எழுந்தது.
"கத்தி போன வழியிலயே உங்களுக்கும் இறங்கியிருக்கு.
ஸ்கேன் எடுக்கணும்."
"ஆம்பளைங்களுக்குத்தானே வரும்?"
"வயிறு எல்லாருக்கும் இருக்கே, அக்கா."

ஒரே பாயில் ஒன்பது வருஷம்.
அவர் அந்தப்பக்கம் திரும்பி அவருடையதை உள்ளே தள்ளினார்,
நான் இந்தப்பக்கம் திரும்பி என்னுடையதை.
ஷேர் ஆட்டோவில் ராயபுரம் வரை பேசவில்லை.
பாலத்தில் ஏறும்போது கேட்டார்:
"யாரு மொதல்ல?"

அவர்தான் முதலில்.
தையல் பிரித்தாயிற்று. எனக்குப் பங்குனியில் தேதி.
"மூணு மாசம் வெயிட்டு தூக்காதீங்க" என்று
எழுதிக் கொடுத்த சீட்டு சாமி படத்துக்குப் பின்னால்.

சீட்டைப் படிக்காத தண்ணி லாரி
திங்கள்கிழமை காலை தெருமுனைக்கு வந்துவிட்டது.
எட்டுக் குடம்.
அவர் ஸ்டூலில், நான் படியில்.
ஒன்பதாவது படிக்கிற மூத்தவன் எபின்
குடத்துக்குக் குனிகிறான்.
மூச்சை அடக்கி, கழுத்து நரம்பு புடைக்க...

"முக்காதடா!"
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம்.
வரிசையில் நின்றவர்கள் சிரிக்கிறார்கள்.
எனக்கும் சிரிப்பு வருகிறது.
பிடித்துக்கொள்கிறேன்.