நாற்பதடி கீழே நிற்பவருக்கு

நீங்கள் வரும்போது
இந்தச் சதுரம் ஆகாயத்தில் இருக்கும்.
நான் குத்தவைத்துப் புல் எண்ணிய இடம்
உங்கள் தலைக்கு மேல் நாற்பதடியில்
பருந்து வந்துபோகும் வெறுங்காற்று.
அதனால் இதை அண்ணாந்து படியுங்கள்.

மேலூர் தாண்டி, ஓணான் பாறை, தென்சரிவு.
சித்திரைக் கடைசி, காலை ஆறரை.
நான்கு ஆணி, மஞ்சள் நைலான் கயிறு,
மீட்டருக்கு மீட்டர்.
கயிற்றின் மறுமுனையில் ஆசீர்வாதம்,
எதிர்க் குவாரியில் ஜாக்ஹாமர் பிடிப்பவர்,
பதினைந்து நாளைக்கு என்னோடு அனுப்பியிருந்தார்கள்.
துளை போடாதபோதும் அவர் கை அதிர்ந்தது.
கயிறும்.

முதல் சதுரம்: ஊசிப்புல் பதினொரு தூர்,
காய்ந்த தும்பை இரண்டு,
விராலி ஒன்று, முழங்கால் உயரம், ஆடு கடித்தது.
ஏழாவதில் கிளுவை. ஓர் இலை இல்லை.
நகத்தால் கீறினேன், உள்ளே பச்சை.
உயிர் என்று எழுதினேன்.
கிழக்கே உசில் மூன்று.
காரைமுள் என் துப்பட்டாவில் ஒரு நூல் எடுத்துக்கொண்டது,
அது கணக்கில் வராது.
சீமைக்கருவேலம் லாரிப் பாதை வரைக்கும் வந்துவிட்டது.
உங்கள் குழிக்கும் அதுவே முதலில் வரும்,
யாரும் கூப்பிடாமல்.
பச்சையாய்த்தானே இருக்கிறது என்று
படம் பிடித்து அனுப்பிவிடாதீர்கள்.

பத்தொன்பதாவது, வெறும் பாறை விளிம்பு.
பள்ளத்தில் ஒரு கை மண்.
"இதுல என்னங்க இருக்கு,
சைபர் போட்டுட்டு வாங்க மேடம், வெயில் ஏறுது."
போட்டேன்.

படிவத்தில் இரண்டு கட்டம்:
'இருந்தது'. பக்கத்தில்,
'திரும்ப வைக்க வேண்டியது'.
முதலில் சைபர் என்றால் இரண்டாவதும் சைபர்.
கணக்கு அவ்வளவு சுத்தம்.

மாட்டுத்தாவணி வந்து இறங்கும் வரை
அந்தச் சைபர் உறுத்தியது.
மறுநாள் டிபன் டப்பாவில் அந்த மண்ணை அள்ளிவந்தேன்.
செல்லூர் மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி நிழல்,
தினம் ஒரு தம்ளர்.
வெந்தயமா என்று கேட்டார் வீட்டுக்காரர்.
நான்காம் நாள் இரண்டு.
ஒன்பதாம் நாள் நாற்பத்தொன்று.
பெயர் சொல்ல முடிந்தது ஆறுக்கு.
மற்றவை இரண்டிலை விட்டு நின்றன,
யாரென்று சொல்ல அவற்றுக்கு இன்னொரு மழை வேண்டும்.

கோடைக் கணக்கெடுப்பு, கண்ணால் பார்த்தது மட்டும்
என்றார்கள் அலுவலகத்தில்.
சரி. சைபரை அடிக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்:
மழைக்கு முன்.

பரிந்துரையில் ஒன்றைத்தான் வற்புறுத்தினேன்.
மேல்மண் ஒரு சாண், முதலில் வழித்து,
தனியே குவித்து, கல்தூசி கலக்காமல்.
செய்தார்களா, எனக்குத் தெரியாது.
குழியோரம் மேடு ஏதாவது தெரிகிறதா?
தெரிந்தால் கன்று வாங்க வண்டி அனுப்பாதீர்கள்.
ஒரு கை அள்ளுங்கள். தண்ணீர் விடுங்கள்.
ஒன்பது நாள்.

கடைசி நாள் ஆசீர்வாதத்திடம் சொன்னேன்.
"நாப்பத்தொண்ணா?"
பாறையைப் பார்த்தபடி கயிற்றைச் சுற்றினார்.
"ஆர்டர் வந்தா மொதத் துளை நான்தான் போடணும்.
பத்தொம்பதக் கடைசியா வச்சுக்கிறேன்."
பிறகு ஆணிகளைப் பிடுங்கினோம்.
மூன்றுதான் வந்தன.