வேர்ப் பக்கம்

ஏற்காட்டுப் பள்ளி விடுதிக்குப் போன
நானூற்றுப் பத்து நீல ஸ்வெட்டரும்
ஒரே மார்கழியில் மணிமணியாய்த் திரண்டுவிட்டன.
"மில்லு தப்பா, சலவைத் தப்பா?
ஒரு வரியில எழுதிக் குடுங்க மேடம்"
என்கிறார் சூரமங்கலம் குழந்தைவேலு.
மேசைமேல் காசோலை. பறக்காமலிருக்க
அதன்மேல் அவர் போன்.

ஒரு வரியில் பேசாது நுண்ணோக்கி.

முதல் தகட்டில் கழுவிய கம்பளி, எந்திரம் தொடாதது.
ஓடு வேய்ந்ததுபோல் செதில்மேல் செதில்,
விளிம்பெல்லாம் நுனி பார்த்த சாய்வு.

இரண்டாவது, கார்டிங் முடிந்தது.
ஏற்காடு ஏற இருபது கொண்டை ஊசி;
இந்த உருளைக்கு எத்தனை ஆயிரம் பல்லோ,
ஓட்டுகிற மாதேசுக்கே கணக்கில்லை.
விளிம்புகள் மூளி.
ஓரிடத்தில் ஓடு பெயர்ந்து உள்நார் தெரிகிறது.
நீளவாக்கில் ஒரு கீறல்,
செவ்வாய்ப்பேட்டைப் புதுக்கொலுசை
ஆணியில் இழுத்த மாதிரி.

மூன்றாவதில் இழை பாதியில் அறுந்திருந்தது.
அறுந்த நுனிகள்தாம் பிறகு
குழந்தைகளின் முழங்கையில் உருண்டு மணியாகும்.
சலவைக்காரர் வருவதற்கு
வெகு முன்னே நடந்த கதை.

டீ நேரத்தில் மாதேசு கேட்டான்:
"பள்ளிக்கூடம் தொறக்க ஒம்போது நாள்னு
வேகத்த ஏத்தச் சொன்னாங்களே,
சொன்ன வாயி ஒங்க கண்ணாடில தெரியுமா?"

தெரியாது.
நானூறு மடங்கு பெரிதாக்கினாலும் தெரியாது.

ஒரு பச்சை இழையை
அவன் பெருவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே வைத்தேன்.
முன்னும் பின்னும் தேய்க்கச் சொன்னேன்.
எப்படித் தேய்த்தாலும்
வேர்ப் பக்கமாகவே ஊர்ந்து போனது.
"அட, எறும்பாட்டம்!" என்று சிரித்தான்.
கார்டிங் ஆனதை வைத்தேன்.
நின்றது. கொஞ்சம் நகர்ந்தது. நின்றது.
இன்னொருதரம் தேய்த்தான், அதட்டுவதுபோல.
அரைக் கடுகு தூரம்.

ஆறு மணிக்கு வருகைப் பதிவில் விரல் வைத்தான்.
'மறுபடி முயல்க' என்றது.
துடைத்துக்கொண்டு வைத்தான்.
'மறுபடி முயல்க.'
வரிசை அவனுக்குப் பின்னால் செருமியது.

'காரணம்' என்ற கட்டத்தில்
உருளையின் வேகத்தை எழுதினேன்,
நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று, இலக்கத்தில்.
யார் ஏற்றியது என்பதற்கு
படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், பென்சிலில்.
பிறகு அதன்மேல் பேனா.

குழந்தைவேலு போனை மட்டும் எடுத்துப் போகவில்லை.
மின்விசிறியை நிறுத்தப் போனபோது
என் புடவைத் தலைப்பில் அந்த இழை,
எந்தப் பக்கம் வேர் என்று
எனக்கும் சட்டென்று தெரியவில்லை.