நாலிலிருந்து ஆறு வரை

பண்ருட்டி பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்தேன்.
கையில் எவர்சில்வர் டப்பா, உள்ளே பலாச்சுளை.
மூடி சரியில்லை.
மஞ்சக்குப்பம் வரை பஸ் முழுக்க
என் வாசனைதான்.

கெடிலக்கரைப் பூங்கா
நாலு மணிக்கும் கொதித்துக்கொண்டிருந்தது.
வேலிக்கு அந்தப் பக்கம் பாலத்தில் லாரிகள்.
இந்தப் பக்கம் சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கி,
ஒரு காது போனது.

அவன் அத்தை ஸ்கூட்டியை அணைக்காமலே
இறக்கிவிட்டாள்.
"ஆறு மணி" என்றாள்.
"ஆறு" என்றேன்.
பதினேழு மாதமாக
நாங்கள் பேசிக்கொள்வது இவ்வளவுதான்.

உத்தரவு நகலில்
'மாலை நான்கு முதல் ஆறு வரை' என்றிருந்தது.
மணி என்ற சொல் தட்டச்சில் விட்டுப்போயிருந்தது.
எந்த ஆறு வரை என்று கேட்டேன்.
வக்கீல் சிரித்தார்.
நான் நிஜமாகவே கேட்டேன்.

பத்து வயதுக்கு உட்பட்டோர் இலவசம்.
ஒரு டிக்கெட் என்று தாளை நீட்டினேன்.
கம்பிக்குப் பின்னாலிருந்து:
"பையனுக்கு?"
"ஒன்பது."
"பத்து" என்றான் வாணன்.
"முடிஞ்சிடுச்சு. புதன்கிழமை."

புதன்கிழமை எனக்கு எழுதித் தராத நாள்.
மறக்கவில்லை.
அன்று வார்டில்
ஊசிமருந்துக் கணக்கு நோட்டில் தேதி போடும்போது
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
ஒன்பது என்றது வாய்ப் பழக்கம்,
பத்து ரூபாய்க்காக இல்லை.
கவுண்டர்க்காரர் முகத்தில் அப்படித்தான் இருந்தது.
என் பையன் முகத்திலும்
கொஞ்சம்.

இன்னொரு டிக்கெட் வாங்கினேன்.
அதை நாலாக மடித்து
கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பம்ப் ரூம் சுவரில்
வெள்ளம் வந்த வருஷத்தின் கோடு, சிவப்புப் பெயிண்டில்.
வந்ததும் அதில் முதுகு சாய்த்து நிற்பான்.
போன வருஷம் நாலு விரல் குறைச்சல்.
இன்று கோடு
அவன் தலைக்குப் பின்னால் மறைந்துபோனது.
"இனிமே வந்தா நான் முழுக மாட்டேன்."
மூச்சு மூக்கில்தான் இருக்கிறது,
உச்சந்தலையில் இல்லை என்று
நர்ஸுக்குச் சொல்ல வந்தது.
அம்மாவாக நின்றேன்.

ஆற்றைப் பார்த்த படிக்கட்டில்
கல்யாண ஆல்பத்துக்கு ஒரு ஜோடி.
வியர்வையில் அவள் பவுடர் கரைந்து
கழுத்துக்கு இறங்கியிருந்தது.
"சார், மேடம், எதிர்காலத்தைப் பாருங்க"
என்றான் கேமராக்காரன்.
அவர்கள் பார்த்த திசையில் பம்ப் ரூம்.
வாணன் சிரித்ததில்
சுளை புரையேறியது.
தட்டிக்கொடுக்க ஒரு சாக்கு.
இருமல் நின்ற பிறகும்
கொஞ்சம் தட்டினேன்.

"அம்மா, ஆறு ரிவர்ஸ்ல போகுது."
ஆமாம்.
ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று
ஒரு செருப்பையும் ஏற்றிக்கொண்டு
மேற்கே போய்க்கொண்டிருந்தது.
கடல் ஏறுற நேரம்டா, என்றேன்.
தேவனாம்பட்டினம் பக்கமிருந்து தள்ளும்.
"எவ்வளவு நேரம் தள்ளும்?"
"ஆறு மணி நேரம், சுமாரா."
விரல் விட்டு எண்ணினான்.
"அப்ப அதுக்கு
நம்மள விட நாலு மணி ஜாஸ்தி."
பலாக்கொட்டையை எறிந்தான்.
கொட்டை எந்தப் பக்கமும் போகவில்லை,
நேரே முங்கியது.

கேக் வெட்டினீங்களா என்று கேட்கவில்லை.
சட்டை புதுசு. அளவு சரியாக இருந்தது.
யாரோ அவனைச் சரியாக அளந்திருக்கிறார்கள்.

வெளியே ஹாரன்.
ஆறாக இன்னும் பதினொரு நிமிஷம் இருந்தது.
எழுந்தவன் திரும்பி வந்து
மடித்த டிக்கெட்டை நீட்டினான்.
"நீயே வச்சிக்கம்மா.
அப்பா பாக்கெட்டப் பாக்காம
மிஷின்ல போட்டுருவாரு."

என் சீட்டு எட்டு மணி வரை செல்லும்.
ஒட்டகச்சிவிங்கி பக்கத்தில் உட்கார்ந்தேன்.
பலாப்பிசின் விரலை விடவில்லை.
தேங்காய் எண்ணெய் இருந்தால் போகும்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் கை நீட்ட,
கையில் இருந்ததைக் கொடுத்தேன்.
விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.
"இது ரெண்டும் பார்க் டிக்கெட்டும்மா."