வீட்டின் மதிப்பு, அமெரிக்க டாலரில்

இரவு பதினொன்று. உட்லண்ட்ஸில் மழை.
உதவித்தொகைப் படிவம் கேட்கிறது:
வீடு சொந்தமா?
தொண்ணூற்றொன்பது ஆண்டுக்குச் சொந்தம்,
அதில் முப்பத்தெட்டு போய்விட்டது
என்று எழுத இடமில்லை.

கார் எத்தனை?
அப்பா ஓட்டுவது பன்னிரண்டு மீட்டர் நீளம்.
ராத்திரி டிப்போவில் விட்டுவிட்டு
நடந்து வருவார்.
பூஜ்யம் போட்டேன்.

இனம்?
இங்கே அடையாள அட்டையில் இந்தியர்
அங்கே ஆசியர்
கட்டம் பெரிதாகப் பெரிதாக
நான் சின்னதாகிறேன்.

மினசோட்டாவில் ஒரு கல்லூரி.
ஆயிரத்து எழுநூறு பேர், ஓர் ஏரி.
தத்துவமும் பாறையியலும் சேர்த்தே படிக்கலாமாம்.
"கல்லப் பத்தி யோசிக்கவா அவ்வளவு தூரம்?"
அண்ணன் இளவேந்தன்,
கட்டணத்தை வெள்ளியாக மாற்றிக் காட்டினான்.
அதற்குப் பிறகு அவனும் சிரிக்கவில்லை.

விண்ணப்பத்துக்கே எழுபத்தைந்து டாலர்.
தள்ளுபடி கேட்டிருந்தேன்.
யாரோ ஒருவர் பதில் போட்டிருக்கிறார்:
இங்கே காலை ஒன்பது, பனி கொட்டுகிறது,
நீ எதுவும் கட்ட வேண்டாம்.
பனியைத்தான் முதலில் சொல்லியிருக்கிறார்.

கதவில் சாவிச் சத்தம்.
சம்பளச் சீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும்.
குடையை உதறிக்கொண்டே அப்பா
திரையில் அந்த வெள்ளைச் சாலையைப் பார்த்தார்.
"இதுல பஸ் ஓடுமா?"