ஆண்கள் 148

குடியாத்தம் தாலுக்கா, நெல்லிமரப்பட்டு.
வீடு 61. ஆண்கள் 148. பெண்கள் 139.
கிணறு 9.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று
இவ்வளவுதான் சொல்கிறது.
கிணற்றை எண்ணியவன்
ஒருவர் பெயரையும் எழுதிவைக்கவில்லை.

வேடியப்பா,
நூற்று நாற்பத்தெட்டில் நீ எத்தனையாவது?

மூன்று நாள் கேஷுவல் லீவு
சத்துவாச்சாரி ரெக்கார்டு ரூமில் போயிற்று.
மதியம் சோற்றைப் பிசைந்தால்
விரலெல்லாம் பூச்சிமருந்து வாசனை.
கட்டுகளை இறக்கித் தந்த பலராமன் கேட்டார்:
"பட்டா தகராறா சார்?"
இல்லை.
"பங்காளி கேஸா?"
இல்லை.
"பின்னே எதுக்கு?"
டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த கணக்கு எண்பத்தொன்றில்.
ஆண்கள் 83.
தாது வருஷம் வந்து போனதைப் பற்றி
அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.
நாமே கழித்துக்கொள்ள வேண்டும்.
அறுபத்தைந்து.
நான் இருக்கிறேன் என்பதற்காக
அந்த அறுபத்தைந்தில் நீ இல்லை என்றாகாது.
உன் மகன் ஒருவன் தப்பியிருந்தாலே போதும்,
நான் இங்கே நின்று தும்முவதற்கு.

கடைசியில் கர்ணத்தின் அடங்கல் ஒன்றில் அகப்பட்டாய்.
சடையன் மகன் வேடியப்பன்,
புஞ்சை ஒரு காணி, கேழ்வரகு சாவி,
ஒற்றைக் கவலைக் கிணறு, தூர்ந்தது.
பெயரின் மேல் கோடு.
பக்கத்தில் 'ராஜினாமா'.

எனக்குத் தெரிந்து
மந்திரிகள் ராஜினாமா செய்வார்கள்,
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் தம்பி செய்தான்.
நிலத்தை ராஜினாமா செய்தவன் நீதான்.
தீர்வை கட்ட முடியாதவன்
"உங்கள் மண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்பதற்கு
அன்று அதுதான் சொல்லாம்.
எந்த வருஷம்?
தேதியைச் செல் தின்றிருக்கிறது.
கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கீறல்,
உன் விரலா, கர்ணத்தின் பேனா சறுக்கியதா?

நானும் எண்ணியவன்தான்.
இரண்டாயிரத்துப் பதினொன்று, பிப்ரவரி.
காட்பாடிக்கு அப்பால் எனக்கு வட்டம் போட்டிருந்தார்கள்.
செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு கொட்டகை.
தட்டுவதற்குக் கதவு இல்லை.
மணி ஒன்றரை, நல்ல பசி.
துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.
"புருசன் பொண்டாட்டி, கைக்கொழந்த ஒண்ணு.
ஜவ்வாது மலைக்காரங்க.
பேரு தெரியாது சார், சாயங்காலம் வாங்க."

சாயங்காலம் போகவில்லை.

பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால்
சூப்பர்வைசர் படிவத்தைத் திருப்பி அனுப்புவார்.
குமார் என்று எழுதினேன்.
வயது முப்பத்தைந்து.